புலங்களின் கதை – 9: வைலின் அளவுகோல்

சென்ற அத்தியாயம் 1915 நவம்பரில் நின்றது. காலவெளியின் வளைவையே நாம் ஈர்ப்பு என்கிறோம் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் பெர்லினில் அச்சேறிவிட்டன. அன்றைக்கு இயற்பியலாளர்கள் அறிந்திருந்த அடிப்படை விசைகள் ஈர்ப்பும் மின்காந்தமும்தான். முதலாவது வடிவியலாகிவிட்டது. இரண்டாவது, மேக்ஸ்வெல் விட்டுச்சென்றபடியே, காலவெளிக்குள் வந்து தங்கிய அயலானாக இருந்தது. அதையும் வடிவியலுக்குள் கொண்டுவர எடுத்த முயற்சிகளில் மிகத் துணிச்சலானது ஹெர்மன் வைல் 1918இல் எழுதிய 'ஈர்ப்பும் மின்சாரமும்' என்ற கட்டுரை. ஐன்ஸ்டைன் அதைப் படித்து மெய்மறந்தார். சில நாட்களிலேயே அதன் உயிர்நாடியில் கைவைத்தார். இதன் பிறகு நடந்ததை வரலாறுகள் இரண்டு விதமாகச் சொல்லிவருகின்றன. காலத்தை முந்திப் பிறந்த மேதையின் கருத்து பின்னால் வென்றது என்பது ஒன்று. கோட்பாடு அன்றே செத்துவிட்டது, பெயர் மட்டும் வேறொரு கோட்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது என்பது மற்றொன்று. இரண்டும் ஆவணங்களோடு பொருந்தவில்லை என்பதே என் வாதம். வைலின் கோட்பாட்டை வீழ்த்தியது, ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன என்ற உண்மை. அது குவாண்டம் இயற்பியலின் உண்மை. வீழ்த்திய அந்த இடமே எங்கே திருத்த வேண்டும் என்பதையும் காட்டிக்கொடுத்தது. அண்டவியலைத் துணைக்கு அழைத்து வைல் நடத்திய தற்காப்போ எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

வைல் 1885இல் ஹாம்பர்க் அருகே எல்ம்ஸ்ஹார்னில் பிறந்தவர். கோட்டிங்கனில் ஹில்பர்ட்டின் மாணவர். 1913இல் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1917 கோடையில் அங்கே பொதுச் சார்பியல் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள் மறு ஆண்டே 'வெளி, காலம், பருப்பொருள்' என்ற புகழ்பெற்ற நூலாயின. பாடம் நடத்துகிறவருக்கே உரிய நச்சரிப்போடு அவர் ஒரு கேள்வியில் போய் நின்றார். உலக உருண்டையின் வட துருவத்திலிருந்து ஓர் அம்பை எடுத்துக்கொண்டு ஒரு தீர்க்கரேகை வழியாக நிலநடுக்கோட்டுக்கு இறங்குகிறோம். கோட்டை ஒட்டி 90 பாகை கிழக்கே போகிறோம். அங்கிருந்து இன்னொரு தீர்க்கரேகை வழியாகத் துருவத்துக்கு ஏறுகிறோம். வழியில் எங்கும் அம்பைத் திருப்பவில்லை. ஆனாலும் வந்து சேரும்போது அது புறப்பட்ட திசைக்கு 90 பாகை விலகி நிற்கும். வளைந்த பரப்பில் தொலைவிலுள்ள இரண்டு திசைகளை நேரடியாக ஒப்பிட வழியில்லை. எந்தப் பாதையில் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். இத்தாலியக் கணிதர் லெவி-சிவிட்டா 1917இல் இதைத் தெளிவாக எழுதிக் காட்டியிருந்தார். வைல் கேட்டது இதுதான்: திசை பாதையைச் சார்ந்திருக்கும்போது நீளம் மட்டும் ஏன் சாராமல் இருக்க வேண்டும்? ரீமானின் வடிவியலில் எந்தச் சுற்றுச் சுற்றி வந்தாலும் அம்பின் நீளம் மாறுவதில்லை. அடுத்தடுத்த புள்ளிகளை மட்டுமே ஒப்பிட அனுமதிக்கும் ஒரு வடிவியலில், தொலைவிலிருக்கும் நீளங்களை மட்டும் தாராளமாக ஒப்பிட விடுவது பழைய யூக்ளிடின் எச்சம் என்று அவருக்குப் பட்டது.

எனவே அவர் அளவுகோலையும் விடுவித்தார். ஒவ்வொரு புள்ளியிலும் நீளத்தின் அலகை விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் புள்ளிக்கு நகரும்போது அலகு எவ்வளவு மாறுகிறது என்பதை நான்கு எண்கள் சொல்லும். அந்த நான்கும் மின்காந்தப் பொட்டென்ஷியலின் நான்கு கூறுகளைப் போலவே நடந்துகொண்டன. அலகை மாற்றினால் அவை மாறும் விதம், பொட்டென்ஷியலை மாற்றினாலும் மின்புலமும் காந்தப்புலமும் மாறாதிருக்கும் விதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. ஒரு மூடிய பாதையைச் சுற்றிவரும் அளவுகோல் நீண்டோ குறுகியோ திரும்புகிறது என்றால், அந்தப் பாதை வளைத்த பகுதியில் மின்காந்தப் புலம் இருக்கிறது என்று பொருள். மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் பாதி கேட்காமலே வந்துவிட்டன. ஆயங்களை எப்படித் தேர்ந்தாலும் விதிகள் மாறாதிருப்பதிலிருந்து ஆற்றல் அழியாமை பிறப்பதுபோல, அலகை எப்படித் தேர்ந்தாலும் விதிகள் மாறாதிருப்பதிலிருந்து மின்னூட்டம் அழியாமை பிறந்தது. 1917இல் ஐன்ஸ்டைன் தன் அண்ட மாதிரிக்காகத் தயக்கத்தோடு சேர்த்த அண்டவியல் மாறிலிகூட இங்கே இயல்பாக இடம்பெற்றது. இவ்வளவும் ஒரே கருதுகோளிலிருந்து வருகின்றன என்றால் யார்தான் மயங்கமாட்டார்கள்? ஐன்ஸ்டைன் 1918 ஏப்ரலில் எழுதிய முதல் கடிதத்தில் அதை முதல்தர மேதைமையின் வீச்சு என்றே பாராட்டினார்.

அதே மாதத்தில் அடுத்த கடிதம் வந்தது. மறுப்பு எளிமையானது, அதனாலேயே கடுமையானது. நீளம் பாதையைச் சார்ந்திருந்தால் காலமும் அப்படியே. ஏனென்றால் சார்பியலில் இரண்டும் ஒரே அளவீட்டின் பகுதிகள். ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு மின்புலங்களின் வழியே போய் மீண்டும் சந்தித்தால், அதன் பிறகு அவை வெவ்வேறு வேகத்தில் ஓட வேண்டும். சார்பியலில் நாம் ஏற்றுக்கொண்ட விளைவு வேறு: அங்கே பயணம் போன கடிகாரம் காட்டும் நேரம் குறைந்திருக்கும், ஆனால் பயணம் முடிந்தபின் இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடும். வைலின் உலகில் ஓட்டமே மாறிப்போய்விடும். அணு என்பது ஒரு கடிகாரம். சோடியம் விளக்கை ஏற்றி அதன் ஒளியை நிறமாலைமானியில் பிரித்தால் 589.0, 589.6 நானோமீட்டரில் இரண்டு மெல்லிய மஞ்சள் கோடுகள் அருகருகே நிற்கின்றன. அந்த விளக்கிலுள்ள கோடானுகோடி அணுக்களில் ஒன்று நேற்றுவரை கடல்நீர் உப்பில் இருந்திருக்கலாம். இன்னொன்று பாறைக்குள் யுகக்கணக்கில் கிடந்திருக்கலாம். அவை கடந்துவந்த மின்புலங்களில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. வைல் சொல்வது சரியானால் ஒவ்வோர் அணுவும் தன் பயணத்துக்கேற்ற நிறத்தை உமிழ வேண்டும். இரண்டு கோடுகளும் பரந்து கலந்து ஒரு மஞ்சள் பட்டையாகிவிட வேண்டும். அப்படி ஆவதில்லை. அணு தன் பழைய கதையைச் சுமந்து திரிவதில்லை. கட்டுரை பிரஷ்ய அகாதமியின் ஏட்டில் வெளியானபோது ஐன்ஸ்டைனின் மறுப்பும் வைலின் பதிலும் அதன் வாலில் சேர்ந்தே வந்தன.

இந்த மறுப்பு அவ்வளவு உறுதியானதா என்று கேட்கலாம். பொட்டென்ஷியலுக்கும் நீள மாற்றத்துக்கும் இடையிலான விகிதத்தை வைல் எண்ணாகச் சொல்லவில்லை. அது மிகமிகச் சிறியதாக இருந்தால் கோடுகள் பரந்தாலும் கருவிக்குத் தெரியாமல் போகலாமே? இந்தக் கேள்விக்கு நான்கு ஆண்டுகளில் எண்ணாகவே விடை வந்தது. அதைக் கீழே பார்ப்போம். மற்றொரு கேள்வி வானியலிலிருந்து எழுகிறது. தொலைதூர விண்மீன் கூட்டங்களின் கோடுகள் இடம்பெயர்ந்துதானே தெரிகின்றன, அது வைலின் விளைவாக ஏன் இருக்கக்கூடாது? 3சி 273 என்ற குவேசாரின் நிறமாலையை 1963இல் மார்ட்டன் ஷ்மிட் படித்தறிந்தபோது, 486.1 நானோமீட்டரில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 563 அருகே நின்றது. மற்ற ஹைட்ரஜன் கோடுகளும் அதே 15.8 விழுக்காடு நீண்டிருந்தன. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் பயணம் செய்த ஒளி அது. ஓர் அணுக்கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரே விகிதத்தில் மாறுவதை மட்டும் பார்த்தால், அண்டம் விரிவதால் வந்ததா அளவுகோல் மாறியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது என்பது உண்மைதான். ஆனால் வைலின் கோட்பாடு கேட்பது கூட்டான மாற்றத்தை அன்று. பாதைக்குப் பாதை வேறுபட்ட மாற்றத்தை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அணுக்களுக்கிடையே அந்த வேற்றுமை எங்கேயும் தென்படவில்லை. சோடியம் விளக்கிலும் இல்லை, குவேசாரிலும் இல்லை.

வைல் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பதில் இந்தத் தொடருக்கு முக்கியமானது. ஏனென்றால் இங்கேதான் அண்டவியல் உள்ளே வருகிறது. பொருள்கள் ஓர் அளவை இரண்டு வழிகளில் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றார். சுழலும் பம்பரத்தின் அச்சு, தொடக்கத்தில் பெற்ற திசையை அடிக்கு அடி சுமந்துசெல்கிறது, அது விடாப்பிடி. காந்த ஊசி அப்படிச் சுமப்பதில்லை, ஒவ்வோர் இடத்திலும் அங்குள்ள காந்தப்புலத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அது இசைவு. அணுவின் அளவு ஊசியைப் போன்றது என்பது வைலின் வாதம். தன் வடிவியலில் நீளம் பாதையைச் சார்ந்ததுதான். ஆனால் அணுக்கள் அந்த நீளத்தைச் சுமந்துவருவதில்லை. அவை ஒவ்வோர் இடத்திலும் உலகின் வளைவு ஆரத்தோடு தங்களைப் பொருத்திக்கொள்கின்றன. எனவேதான் ஒன்றுபோல் இருக்கின்றன. 1919இல் இன்னும் ஒரு படி போனார். எலக்ட்ரானின் மின்காந்த ஆரத்தை அதன் ஈர்ப்பு ஆரத்தால் வகுத்தால் 40க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வருகிறது. இவ்வளவு பெரிய எண் அணுவுக்குள்ளிருந்து எப்படிப் பிறக்கும்? அதற்கும் உலகின் ஆரத்துக்கும் உறவு இருக்கலாம் என்று ஊகித்தார். அணுவின் அளவு முதல் அண்டத்தின் அளவு வரை ஒரே சரட்டில் கோக்கும் ஊகங்களுக்கு இதுவே முன்னோடி.

இந்தத் தற்காப்பின் அழகு என்னைக் கவரத்தான் செய்கிறது. ஆனால் அது நிற்கவில்லை. முதலாவது, அணுவின் அளவுக்குக் காரணம் அதற்கு ஐந்தாண்டு முன்பே ஏறத்தாழத் தெரிந்திருந்தது. நீல்ஸ் போர் 1913இல் எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகியவற்றை மட்டும் வைத்து ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தையும் அதன் கோடுகளையும் கணக்கிட்டுவிட்டார். அந்தக் கணக்கில் உலகின் ஆரத்துக்கு வேலையே இல்லை. இரண்டாவது, அணுக்கள் உலகின் ஆரத்தைப் பார்த்து வளர்ந்து தேய்பவையானால், 1929இல் ஹபிள் காட்டிய விரிவை நாம் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அளக்கும் கோலும் கூடவே நீண்டிருக்கும். இதை முழு மறுப்பாக நான் வைக்கவில்லை. வைல் சொன்னது நான்கு பரிமாணங்களுக்கும் சேர்த்த வளைவு. அது எல்லா அண்ட மாதிரிகளிலும் விரிவோடு ஒத்து மாறுவதில்லை. என்றாலும் பெரிய குறை மூன்றாவதாக நிற்கிறது. அணு எந்த வழியில் உலகின் வளைவை உணர்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத அந்த இயக்கமே, அவருடைய வடிவியலின் மையக் கருத்தை எந்தச் சோதனைக்கும் எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டது. அளக்கும் கருவி எதுவும் காட்டாத நீளத்தைப் பற்றிய வடிவியல் இயற்பியலுக்கு எதற்கு? அப்போது 21 வயதான வோல்ஃப்காங் பௌலி 1921இல் சார்பியல் பற்றி எழுதிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் வைலின் கோட்பாட்டுக்கு விரிவான இடம் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ இந்தத் திசையில்தான் அதைக் கண்டித்தார்.

கதை திரும்புவது 1922இல். எர்வின் ஷ்ரோடிங்கர் முந்தின ஆண்டுதான் சூரிச் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார், வைலின் நண்பர். வைலின் அளவுகோலைப் போரின் ஹைட்ரஜன் அணுவுக்குள் சுற்றவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கணக்கிட்டுப் பார்த்தார். நாமும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். எலக்ட்ரான் முதல் பாதையில் ஒருமுறை சுற்ற 1.52 × 10⁻¹⁶ விநாடி ஆகிறது. அணுக்கருவின் மின்புலத்தில் அதன் நிலையாற்றல் 27.2 எலக்ட்ரான்வோல்ட். வைலின் விதிப்படி அளவுகோல் மாறும் விகிதத்தை நிர்ணயிப்பது இவ்விரண்டின் பெருக்கற்பலன். பெருக்கினால் 4.13 × 10⁻¹⁵ எலக்ட்ரான்வோல்ட்-விநாடி. அது பிளாங்க் மாறிலியேதான். இரண்டாம் பாதையில் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது, சுற்றும் காலம் எட்டு மடங்காகிறது. பெருக்கினால் பிளாங்க் மாறிலியின் சரியாக இரண்டு மடங்கு. அடுத்தது மூன்று மடங்கு. குவாண்டம் பற்றி எந்தச் சிந்தனையும் இல்லாமல் வைல் எழுதிய ஒரு தொகையீடு, குவாண்டம் விதி அனுமதிக்கும் பாதைகளில் மட்டும் முழு எண்களாக வந்து நிற்கிறது. இது தற்செயல் என்று நம்புவது கடினம் என்பதே ஷ்ரோடிங்கரின் எண்ணம்.

ஆனால் வைல் விட்டுவைத்த விகித மாறிலிக்கு எதைப் போடுவது? ஷ்ரோடிங்கர் இரண்டு வழிகளைப் பார்த்தார். மின்னூட்டத்தின் வர்க்கத்தை ஒளிவேகத்தால் வகுத்து வரும் எண்ணைப் போடலாம். அதற்கும் பிளாங்க் மாறிலிக்கும் சரியான பரிமாணப் பொருத்தம் உண்டு. அப்படிப் போட்டால், அளவுகோலைப் பெருக்கும் காரணியில் e என்ற மடக்கை அடிமானத்தின் அடுக்கு 861 என்று வருகிறது. அதாவது எலக்ட்ரான் ஒரு சுற்று முடிப்பதற்குள் அதன் அளவுகோல் 374 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணால் பெருகிவிடும், விநாடிக்கு 6.6 × 10¹⁵ சுற்றுகள். விளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கலாமே என்ற முந்தைய கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது: அணுவுக்குள் கிடைக்கும் இயற்கையான மாறிலியை எடுத்தால் விளைவு சிறியதாக இல்லை, பூதாகரமானதாக இருக்கிறது. இரண்டாவது வழியைக் கட்டுரையின் கடைசியில் ஒரு குறிப்பாக மட்டும் சொன்னார். மாறிலியாகப் பிளாங்க் மாறிலியை 2πஆல் வகுத்து எடுத்து, அதோடு மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைச் சேர்த்தால்? அப்போது அடுக்கு கற்பனை எண்ணாகிவிடுகிறது. பெருக்குவதற்குப் பதிலாக அது ஒரு சுழற்சியைக் குறிக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு பாதையிலும் முழுச் சுற்று, அல்லது இரண்டு, அல்லது மூன்று. அளவுகோல் புறப்பட்டபடியே திரும்பி வருகிறது. ஐன்ஸ்டைனின் மறுப்பு அந்தக் கணமே கரைந்துபோகிறது. அணுக்கள் ஒன்றுபோல் இருக்க உலகின் ஆரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தனக்குள் முழுச் சுற்றாக மூடிக்கொள்ளும் பாதைகளே அணுவுக்குள் நிலைக்கின்றன, அவை எல்லா அணுவிலும் ஒன்றே.

எது சுழல்கிறது என்பதற்கு 1922இல் யாரிடமும் பதில் இல்லை. டி பிராய் 1924இல் எலக்ட்ரானுக்கு ஓர் அலையைக் கொடுத்தார்; ஷ்ரோடிங்கர் 1926இல் அந்த அலைக்குச் சமன்பாடு கொடுத்தார். ஸ்டுட்கார்ட்டில் இருந்த ஃப்ரிட்ஸ் லண்டன் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, 1926 டிசம்பரில் ஷ்ரோடிங்கருக்கு அவருடைய பழைய குறிப்பையே நினைவூட்டிக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். வைலின் அளவுகோல் எப்படி நகர வேண்டுமோ அப்படி நகர்வது எலக்ட்ரானின் அலைச் சார்பு. மின்காந்தப் புலம் மாற்றுவது நீளத்தை என்று வைல் நினைத்தார். அது மாற்றுவது அலையின் கட்டத்தை, அதாவது தன் சுழற்சியில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை. 1929இல் 'எலக்ட்ரானும் ஈர்ப்பும்' என்ற கட்டுரையில் வைலே அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டு கோட்பாட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார். அலையின் கட்டத்தை ஒவ்வொரு புள்ளியிலும் விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும் என்று தொடங்கினால், பக்கத்துப் புள்ளிகளை ஒப்பிட ஒரு புலம் தேவைப்படுகிறது. அந்தப் புலம் மின்காந்தம். மின்னூட்டம் அழியாமை மீண்டும் இதிலிருந்தே பிறந்தது. 1918 கட்டுரையில் மிக வலுவாக நின்ற வாதம் சேதமின்றி இடம்மாறியது. விட்டுப்போனது ஈர்ப்போடு கட்டிய முடிச்சு மட்டும்.

இப்போது கடினமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். ஒரு கணித வடிவம் வேறோர் இடத்தில் பயன்பட்டது என்பதற்காக முதல் ஊகத்துக்குப் பெருமை சேர்ப்பது, நடந்து முடிந்ததை வைத்து ஜாதகம் கணிப்பதாகாதா? லெனின்கிராடில் விளாதிமிர் ஃபோக் 1926இலேயே, வைலைப் பின்பற்றாமல், ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் பொட்டென்ஷியலை மாற்றினால் அலையின் கட்டத்தை மாற்றி ஈடுகட்டலாம் என்று காட்டிவிட்டாரே? இந்த வாதத்துக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். வைல் பிறந்திராவிட்டாலும் இந்தப் பண்பு கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். ஃபோக்கே அதற்குச் சான்று. ஆனால் நடந்த வரலாற்றில் தொடர்பு வெறும் வடிவ ஒற்றுமையோடு நிற்கவில்லை. 1925 நவம்பர் 3ஆம் தேதி ஷ்ரோடிங்கர் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. டி பிராயின் ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்த நாட்கள். அலைச் சமன்பாடு இன்னும் பிறக்கவில்லை. குவாண்டம் விதிகளுக்கு டி பிராய் தரும் விளக்கம், வைலின் காரணியைப் பற்றித் தான் 1922இல் எழுதிய குறிப்போடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது என்று அதில் சொல்கிறார். டி பிராயின் கருத்தை வளர்த்தெடுத்தவர் ஏன் ஷ்ரோடிங்கராக இருந்தார் என்ற கேள்வியை 1969இல் ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் வி. வி. ராமனும் பால் ஃபோர்மனும் காட்டும் காரணங்களில் இந்தப் பழைய குறிப்புக்குத் தலையான இடம் உண்டு. பாரிஸிலிருந்து வந்த ஆய்வேட்டைப் பலர் ஒதுக்கிவைத்தபோது, மூடிய பாதையில் முழு எண்ணாக நிற்கும் ஒன்றை ஏற்கெனவே கண்டிருந்தவர் அதை ஒதுக்கவில்லை. அதாவது வைலின் தவறான கோட்பாடு பிற்பாடு அலை இயக்கவியலுக்குள் குடியேறியது என்று மட்டும் சொல்வது போதாது. அலை இயக்கவியல் பிறந்த வழியிலும் அது இருந்தது. ஃபோக் கண்டது ஒரு சமன்பாட்டின் பண்பு. வைல் 1929இல் செய்தது அந்தப் பண்பையே முதல் விதியாக்கி, புலத்தை அதிலிருந்து வருவிப்பது. பின்வந்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதை.

கட்டம் என்பது கண்ணால் காண இயலாதது, எனவே அளவுகோலின் இடத்தில் அதை வைப்பது வார்த்தை விளையாட்டு என்றும் சொல்லப்பட்டதுண்டு. இதற்கு ஆய்வுக்கூடமே பதில் சொல்லிவிட்டது. லண்டன் பின்னாளில் மீக்கடத்திகளின் பக்கம் போனார். மீக்கடத்தியால் ஆன வளையத்துக்குள் சிக்கிய காந்தப் பாயம் நினைத்த அளவில் இருக்க முடியாது, வளையத்தைச் சுற்றிவரும் அலை முழுச் சுற்றாகத் திரும்ப வேண்டும், ஆகவே பாயம் குறிப்பிட்ட அலகின் மடங்குகளாகவே வரும் என்று 1950இல் வெளியான தன் நூலில் எழுதினார். 1954இல் இறந்துபோனார். 1961இல் ஸ்டான்ஃபோர்டில் டீவரும் ஃபேர்பேங்கும், ஜெர்மனியில் டோலும் நேபவரும், ஒருவரையொருவர் சாராமல் அதை அளந்தார்கள். ஜெர்மானியர்களின் வளையம், தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையின் மேல் படியவைத்த ஈயப் பூச்சு. பாயம் படிபடியாகவே ஏறியது. ஒரு படியின் உயரம் 2.07 × 10⁻¹⁵ வெபர். லண்டன் சொன்னதில் சரியாகப் பாதி, ஏனென்றால் மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை இணையாகச் செல்கின்றன. இன்னும் நேரடியான சான்று 1986இல் ஹிட்டாச்சி ஆய்வகத்திலிருந்து வந்தது. அகிரா தோனோமுராவின் குழு, சில மைக்ரோமீட்டர் அளவுள்ள வளையக் காந்தம் ஒன்றை நியோபியத்தால் முழுவதும் மூடியது. குளிர்வித்தபின் நியோபியம் மீக்கடத்தியாகி, காந்தப்புலம் துளியும் வெளியே கசியாமல் அடைத்துக்கொண்டது. ஓர் எலக்ட்ரான் கற்றையின் ஒரு பகுதி வளையத்தின் துளை வழியாகவும் மறு பகுதி வளையத்துக்கு வெளியேயும் போயின. எந்தப் பகுதியும் காந்தப்புலத்தைத் தொடவில்லை. இருந்தும் இரண்டும் மீண்டும் சேர்ந்தபோது தோன்றிய குறுக்கீட்டு வரிகள் சில மாதிரிகளில் நேராக ஒத்தன, சில மாதிரிகளில் சரியாக அரை வரி விலகி நின்றன. இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை. 1959இல் அஹரோனோவும் டேவிட் போமும் முன்னறிவித்த விளைவுதான் இது. ஒரே இடத்திலிருந்து கிளம்பி வெவ்வேறு பாதையில் போய்ச் சந்திக்கும் இரண்டு கடிகாரங்கள் என்று ஐன்ஸ்டைன் 1918இல் கற்பனை செய்த சோதனையை, நீளத்துக்குப் பதில் கட்டத்தை வைத்து இயற்கையிடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இந்த முறை பாதைக்குப் பாதை வேற்றுமை இருந்தது.

1954இல் புரூக்ஹேவனில் சென் நிங் யாங்கும் ராபர்ட் மில்ஸும் வைலின் 1929 விதியை, ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக, புரோட்டானையும் நியூட்ரானையும் ஒன்றுக்கொன்று மாற்றும் சுழற்சிகளுக்கு விரித்தார்கள். அதிலிருந்து கிளைத்த கோட்பாடுகளே இன்று அணுக்கருவின் வலு விசையையும் மெலி விசையையும் விளக்குகின்றன. மெலி விசையைச் சுமக்கும் துகள்கள் 1983இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் பிடிபட்டன. வைல் 1955 டிசம்பரில் சூரிச்சில் காலமானார். அதே ஆண்டு, தன் 1918 கட்டுரையின் மறுபதிப்புக்கு எழுதிய பின்னுரையில், தான் கண்ட மாறாமை மின்காந்தத்தை ஈர்ப்போடு சேர்க்கவில்லை, எலக்ட்ரானின் அலையோடு சேர்க்கிறது என்று அவரே பதிவு செய்துவிட்டார். ஐன்ஸ்டைனின் மறுப்பு அவ்வளவு துல்லியமாக வந்து தைத்ததற்குக் காரணம், எது நடக்க வேண்டும் என்பதை வைல் முதலில் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்ததுதான். வானியலாளர் ஆர்தர் எடிங்டனின் கணக்குகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ் 136ஆக இருந்தே தீர வேண்டும் என்று அவர் முதலில் நிறுவினார்; அளவீடு 137ஐ நெருங்கியதும் கோட்பாட்டுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். அளவீட்டுக்கு வளைந்துகொடுத்த அந்தக் கோட்பாட்டிலிருந்து பின்வந்தவர்கள் எடுத்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

வைல் தற்காப்பாகச் சொன்ன 40க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணோ இன்னும் நெடுநாள் உலவியது. எடிங்டன் கையிலிருந்து அது பால் டிராக்கிடம் போனது. அவர் 1937இல் அதை அண்டத்தின் வயதோடு கட்டி, ஈர்ப்பு மாறிலியே காலப்போக்கில் தேய்கிறது என்றார். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடியில் ஒரு பங்கு. 1969இல் அப்போலோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த ஆடிகளிலிருந்து திரும்பும் லேசர் துடிப்புகள், அத்தகைய தேய்வு இருந்தால் நிலவின் பாதையில் தெரிந்திருக்கும் என்னும் அளவுக்குத் துல்லியமாகிவிட்டன. மாற்றம் ஏதேனும் இருந்தாலும் அது லட்சம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது இப்போது கிடைத்திருக்கும் வரம்பு. டிராக் அதற்கு முன்னும் பின்னும் என்ன வாதாடினார், 1973இல் ஏன் வைலின் கைவிடப்பட்ட 1918 வடிவியலையே மீண்டும் கையில் எடுத்தார் என்பது அடுத்த அத்தியாயம்.